இரண்டாவது சாட்சி

இக்னேஷியஸ் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். இரயில்வேயிலேயே முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. அறுபத்தெட்டாம் வயதில் ஒரேயொரு பொய் சொன்னார்; அதுவும் ஒரு பறவைக்காக.

சனிக்கிழமைதோறும் விடியுமுன் அவர் கிள்ளானுக்கு மேற்கே இருக்கும் சதுப்புக்காட்டுக்குப் போய்விடுவார். அங்கே பறவை பார்க்கும் சிறு குழுவைப் பதினோர் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவர் அவரே; அதன் பதிவேட்டுக்கு விதிகளை வகுத்தவரும் அவரே. ஒரு பறவையை இருவர் கண்டிருக்க வேண்டும். படம் சாட்சியாகச் செல்லாது. அன்று காலை பசியாறும் கடையை விட்டு எழுவதற்குள் எழுதிவிட வேண்டும். முதலில் கண்டவர் பெயர் முன்னால், சாட்சியின் பெயர் பின்னால். முன்னால் நிற்கும் பெயர் பெரும்பாலும் இக்னேஷியஸ் என்றே இருந்தது, சென்ற ஆகஸ்டில் சீதாலெட்சுமி வந்து சேரும் வரையில்.

அவள் பள்ளிக் கேன்டீனில் சமைப்பவள். வயது ஐம்பது. கழுத்தில் மகளின் பழைய பைனாகுலர். பறவைகளின் பெயர் ஒன்றும் தெரியாது.

"அங்கிள், அந்தக் கட்டையில ஒண்ணு குந்தியிருக்கு பாருங்க. மூக்கு செவப்பு, முதுகு நீலம்."

மீன்கொத்தி என்று அவர் பெயர் சொல்வார். பாராட்டு அவளுக்குப் போகும்.

"அக்காவுக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு லா," என்பான் வங்கியில் வேலை செய்யும் முகுந்தன். "அங்கிள், உங்க சீட்டு ஆடுது. கெட்டியா புடிச்சுக்குங்க."

அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மனைவி டொரத்திக்குத் தெரியாமல் விலை உயர்ந்த பைனாகுலர் ஒன்று வாங்கினார். அரைமணி நேரம் முன்னதாக வந்து தனியே சுற்றிப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் வந்தார். சேற்றின்மேல் போட்டிருந்த பலகைப் பாதையின் முனையில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"கேன்டீன் பொழப்பு அங்கிள். நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது."

ஏப்ரல் பிறந்தது. குளிருக்குத் தெற்கே வந்த பறவைகள் வடக்கே திரும்பும் பருவம். பதினோர் ஆண்டுகளாக இக்னேஷியஸ் எதிர்பார்த்திருந்த நீலச்சிறகு ஆறுமணிக்குருவியும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். தரையோடு தரையாகச் சருகைக் கிளறித் திரியும் அது, அவருக்கு ஒருமுறைகூடத் தட்டுப்பட்டதில்லை.

முதல் சனிக்கிழமை ஏழரை மணிக்கு, மற்றவர்கள் பின்தங்கியிருக்க, சீதாலெட்சுமி அவர் சட்டைக் கையைத் தொட்டாள்.

"வேருக்குக் கீழ அங்கிள். அசையாதீங்க."

அவர் பைனாகுலரை உயர்த்தினார். கருப்பு முகமூடி; மஞ்சள் கலந்த மார்பு; வாலடியில் குங்குமச் சிவப்பு. அது ஒரு சருகைப் புரட்டியது. திரும்பியபோது சிறகின் நீலம் பளிச்சிட்டது. மூச்சுவிடவும் மறந்து நின்றார். பறவை புதருக்குள் மறைந்தது.

"பாத்தீங்கதானே? அது என்னா பறவை?"

பதிவேட்டில் அந்தப் பறவைக்கு நேராக இந்தக் கேன்டீன்காரியின் பெயர் முன்னால் நிற்கும். தம் பெயர் அதற்குப் பின்னால்.

"இல்லம்மா. எனக்கு எலதான் தெரிஞ்சது," என்றார்.

சாட்சி இல்லை, ஆகவே பதிவும் இல்லை. கடையில் அவர் ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வீட்டில் தமக்கென்று வைத்திருந்த பட்டியலிலும் அதை எழுத அவருக்குக் கை வரவில்லை.

சீதாலெட்சுமிக்கோ வேறு கவலை. அங்கிளுக்கு அது கிடைக்காமல் போய்விட்டதே என்று மாய்ந்து போனாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வேறு எதையும் அவள் தேடவில்லை. மூன்றாம் வாரம் பலகையில் குப்புறப் படுத்து வேர்களுக்கிடையே துழாவினாள். முழங்கை வரை சேறு.

"இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் அங்கிள். காட்டாம விடமாட்டேன்."

அந்த அன்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எழுந்திரும்மா. நான் அன்னிக்கே பாத்தேன்."

"எத?"

"அந்தப் பறவைய. நல்லாவே பாத்தேன்."

அவள் எழுந்தாள். "அப்புறம் ஏன் இல்லன்னீங்க?"

"உன் பேரு முன்னால வந்துடும்னு."

அவள் அந்த வேர்களைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, இப்ப எழுதிடுங்களேன்."

"முடியாது. அன்னிக்கே எழுதியிருக்கணும்."

"யாரு போட்ட ரூலு அது?"

"நான்தான்."

"மூணு வாரமா உங்களுக்காகக் கொசுக்கடி வாங்கினேன் அங்கிள்." கைச் சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பாதையின் வளைவுக்கு அப்பாலிருந்து சற்று நேரத்தில் அவள் குரல் தாழ்வாகக் கேட்டது. "முகுந்தா, மெதுவா வாங்க. அந்த வேர்கிட்ட பாருங்க."

இக்னேஷியஸ் நின்ற இடத்திலேயே நின்றார். அழைக்காத இடத்துக்குப் போகக் கால் எழவில்லை.

கடையில் முகுந்தனுக்கு வாய் ஓயவில்லை. "நீங்க எங்க போனீங்க அங்கிள்? ரெண்டு நிமிசம் நின்னுச்சு. போஸ் குடுத்துச்சு லா. எழுதுங்க, எழுதுங்க."

சீதாலெட்சுமி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன பொய்யை யாரிடமும் அவள் சொல்லவில்லை. இக்னேஷியஸ் பேனாவைத் திறந்து, தேதியிட்டு, நீலச்சிறகு ஆறுமணிக்குருவி என்று எழுதினார். சீதாலெட்சுமி என்ற பெயரை எழுதக் கை தயங்கவில்லை. அடுத்து, சாட்சியின் இடத்தில், முகுந்தன் என்று எழுதும்போதுதான் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.