மோவாயில் குத்திய நிறம்

"ஞாயித்துக்கிழம எருமப்பட்டியிலிருந்து உன்னப் பாக்க வாராங்க சாமி. வியாழக்கிழம லீவு சொல்லீட்டு வந்துரு, தாடைய ஒருக்கா டச்சப் பண்ணீரலாம்" என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள்.

நாமக்கல்லில் நான் கணக்குச் சொல்லித்தரும் பள்ளியின் மாடிப்படியில் நின்றிருந்தேன். கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே விட்டெறியலாம்போல் இருந்தது. அப்பா சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகிற லாரிக்குத்தான் எங்கள் வீட்டில் டச்சப் என்பார்கள். துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, அதிகாரி பார்த்துவிட்டுப் போகிறவரைக்கும் பளபளவென்று வைத்திருப்பது. அந்தச் சொல்லை அம்மா என் முகத்துக்குச் சொல்ல ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் கீழுதட்டுக்குக் கீழே, மோவாயில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெண்புள்ளி இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது வந்தது. சேலத்துத் தோல் மருத்துவர் இது யாருக்கும் ஒட்டாது என்றார். ஒரு வருடம் பரவாமல் அப்படியே நின்றால், விருப்பப்பட்டால், தோலின் நிறத்திலேயே பச்சை குத்தி நிரப்பிக்கொள்ளலாம் என்றார். பரவுகிற நேரத்தில் மட்டும் ஊசி படக்கூடாது, பட்ட இடத்தில் புதிதாக வரலாம் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வார்த்தையை அம்மா காதிலேயே வாங்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அது அப்படியேதான் நின்றது. படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்ததும் சேலத்தில் ஒரு மாடிக் கடையில் பச்சை குத்திக்கொண்டேன். நானும் ஆசைப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். கடைக்காரர் நிதானமான மனிதர். நான்கைந்து பழுப்பு நிறங்களைக் கலந்து, என் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் ஊசியை எடுத்தார். முடிந்ததும் விளக்கமாகச் சொன்னார். "பொறுக்கு தானா உதிரோணுங்க, பிச்சுப்புடாதீங்க. ஒன்றர மாசம் கழிச்சு வாங்க. எங்க கலரு நிக்கலயோ அங்க மட்டும் நிரப்பித் தாரேன். அதுக்கப்பறம் வெளுத்தா வாங்க, இல்லீன்னா வர வேண்டாங்க."

அப்படியே ஒன்றரை மாதம் கழித்துப் போனேன். விட்டுப்போன ஓரத்தை நிரப்பினார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

எட்டு மாதம் கழித்து முதல் வரன் வந்தது. நிறம் வெளுக்கவே இல்லை. ஆனாலும் அம்மா கேட்கவில்லை, என்னைக் கடைக்குக் கூட்டிப்போனாள். "இப்பத் தேவையில்லீங்க" என்று கடைக்காரரும் சொல்லிப் பார்த்தார். அம்மா விடாமல் நிற்கவே குத்திவிட்டார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள், தாடையில் என்ன நிழலாட்டம் தெரிகிறது என்று கேட்டார்கள். "சின்னதுல எண்ணெ தெறிச்சுருச்சுங்க" என்றாள் அம்மா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது மூன்றாவது டச்சப். அந்தக் கோடையில் விளையாட்டு மைதானத்தில் நின்று நின்று என் முகம் கறுத்துப்போயிருந்தது. குத்திய நிறம் கறுக்காது அல்லவா, அது மட்டும் லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது. வியாழக்கிழமை அம்மாவோடு போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், மறுத்து மறுத்து அலுத்துப் போயிருந்தேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

கடைக்காரர் விளக்கை இழுத்து என் முகத்துக்கு நேராக வைத்தார். வெகுநேரம் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"ஏனுங்கம்மா, இங்க பாருங்க. ஓரத்துல அரிசியாட்டம் ரெண்டு பொட்டு வெள்ளையா வந்திருக்குது. போன தடவ இல்லீங்க. இப்ப ஊசி வெக்கக் கூடாதுங்க, டாக்டருகிட்டக் காட்டுங்க."

"அதயும் சேத்துக் குத்தீருப்பா. ஞாயித்துக்கிழம ஆளுங்க வாராங்க."

"குத்துனா இன்னும் பரவுங்க."

"பரவுனாப் பாத்துக்கலாம். கல்யாணம் ஆயிட்டா..."

அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த நாற்காலியிலேயே எழுந்து உட்கார்ந்து கத்தினேன். "ஆயிட்டா? ஆயிட்டா எப்படிப் போனா என்னங்கறயா? ஒவ்வொரு தடவையும் குத்தறது எம் மூஞ்சியிலம்மா. உன் மூஞ்சியில இல்ல." காத்திருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சங்ககிரி வந்து சேரும்வரை பஸ்ஸில் நாங்கள் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பவுடர்கூடப் பூசாமல் காபித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தார்.

"அதென்ன சாமி, தாடையில?"

"எண்ணெ..." என்று அம்மா ஆரம்பிப்பதற்குள் நான் சொன்னேன். "வெண்புள்ளிங்க. அதுமேல தோல் கலர்ல பச்ச குத்தியிருக்குது. பக்கத்துல புதுசா ரெண்டு வந்திருக்குது."

மாப்பிள்ளை என் மோவாயைப் பார்த்தான், பிறகு தன் கைப்பேசியைப் பார்த்தான். கால்மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் சொல்லி அனுப்பினார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த அழைப்பு. மாப்பிள்ளையின் அம்மா. அம்மா போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அந்தப் பச்ச குத்துன கடை எங்கீங்க இருக்குது? கலரு தோலாட்டமேதான் இருந்துச்சுங்க. நானே கிட்டக்கப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். எம் பொண்ணுக்கும் கையில வெண்புள்ளி இருக்குதுங்க. வெளிய யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

முந்தாநாள் என்னை அழுகிய தக்காளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போன அதே மனுஷி. அம்மா பணிவாக, "ஆமாங்க, சேலத்துலதானுங்க" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கினேன். திட்டத்தான் பிடுங்கினேன்.

"உங்க புள்ளைகிட்டக் குடுங்க" என்றேன்.

"அவ எதுக்குங்க?"

"அவ கையிலதானுங்க குத்தப் போறீங்க. குடுங்க."

ஏதோ கிசுகிசுப்பு. பிறகு ஒரு சின்னக் குரல், "சொல்லுங்கக்கா" என்றது. மாப்பிள்ளையின் தங்கை, பன்னிரண்டாவது படிக்கிற பெண். அவளிடம் என் கோபம் எப்படிப் போகும்? கடைக்காரர் எனக்குச் சொன்னதையும் மருத்துவர் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். பரவுகிறதா நின்றிருக்கிறதா என்று டாக்டர் பார்க்காமல் ஊசி வைக்கவிடாதே. முதல் தடவைக்குப் பிறகு ஆறிய தோலில் ஒருமுறை நிரப்பலாம். அப்புறம் நிறம் போனால் மட்டும், அதுவும் உனக்கு வேண்டுமென்றால் மட்டும். விருந்தாளி வருகிறார்கள் என்பதற்காக ஒருநாளும் போகாதே.

"எனக்குக் குத்தவே வேண்டாங்க்கா" என்றாள் அவள், மிக மெதுவாக. "அம்மா பக்கத்துல நிக்கறாங்க."

"அப்படீன்னா அவங்க காதுல விழற மாதிரி இன்னொருக்காச் சொல்லு."

சொன்னாளா என்று தெரியவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது.

மருத்துவர் கொடுத்த களிம்பைப் பூசியதில் அந்த இரண்டு பொட்டுகளும் அதற்குமேல் பெருகாமல் நின்றுவிட்டன. ஊசியால் வந்ததா, தானாக வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.