குதிருக்குள்ளிருந்து வந்த மிருதங்கம்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், கல்யாண வீடுகளில் மைக் செட் கட்டியவராகவே அவரை அறிவீர்கள். அவர் எங்கள் வீட்டுக்குள் செய்து வைத்த ஒன்றைப் பற்றித் தங்கையாகிய நான் எழுதத் துணிகிறேன்.

அண்ணன் பிறந்தது நார்த்தாமலையில். நம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருடம் அப்பா காலமானார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கீரனூருக்குக் குடிவந்து, குத்தகை வயலில் பாடுபட்டார். அண்ணன் படிப்பை விட்டு மைக் செட் கடையில் சேர்ந்தார். வருடங்கள் போய்த் தொழிலில் தேர்ந்த பிறகும் குழாய் ஸ்பீக்கரின் சத்தம் அவருக்கு ஒவ்வவே இல்லை. "அது எங்க பாடுது? கத்துதுல்ல" என்பார்.

ஒருமுறை திருச்சியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், அங்கே சீமையிலிருந்து வந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் இசைத்தட்டுக் கேட்டுவிட்டு வந்தார். சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, மிருதங்கத்துக்கு எடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு."

அப்படி ஒரு பெட்டி வாங்குவது எங்களுக்குக் கனவிலும் நடவாது. கிழிந்துபோனதென்று முதலாளி கழித்துப்போட்ட ஸ்பீக்கர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் காகிதக் கூம்பில் மெல்லிய தாளைப் பசையிட்டு ஒட்டிச் சரிசெய்தார். தேயிலைப் பெட்டிப் பலகைக்குள் அதைப் பொருத்தினார். பாட்டோடு பலகையும் சேர்ந்து கிடுகிடுத்தது. அதிராத கனத்த தேக்குக்கு வழியில்லை.

அது மழை பொய்த்த வருடம். நெல் கொட்டி வைக்கும் ஆளுயர மண் குதிர் வீட்டு மூலையில் வெறுமனே நின்றது. அண்ணன் அதை விரல் கணுவால் தட்டினார். அது அதிரவில்லை.

"இந்தக் குதிர் எனக்கு வேணும்மா. ஸ்பீக்கர் வைக்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெல்லு இருந்த எடத்துல பாட்டாடா? மழை பேஞ்சு வெளைஞ்சா எங்கிட்டுக் கொட்டுறது?"

"நெல்லு வர்ற அன்னைக்கே எடுத்துருவேம்மா. சத்தியம்."

பக்கத்து வீட்டு ஆசாரி குதிரின் வாய்க்கு ஒரு மரவளையம் செய்து கொடுத்தார். அண்ணன் தம் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை உள்ளே இட்டு, ஸ்பீக்கரை வானம் பார்க்கப் பொருத்தி, வானொலிப் பெட்டியோடு இணைத்தார். சாயங்கால வானொலிக் கச்சேரி தொடங்கியது. கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது போல் இருந்தது. அண்ணன் முகம் வாடிப்போனது.

குதிரின் அடியில் நெல் எடுக்கும் துவாரம் ஒன்று உண்டு. அதைத் துணியால் அடைத்திருந்தோம். அண்ணன் குனிந்து, என்ன நினைத்தாரோ, அந்தத் துணியை உருவினார்.

அந்த நொடியை எப்படி எழுதுவேன்! மிருதங்கத்தின் இடக்கை நாதம் துவாரத்தின் வழியே தரையில் இறங்கி, என் பாதத்தில் ஏறி, நெஞ்சுக்குள் வந்து நின்றது. சுவர்கள் விலகி வீடே பெரிதானது போல் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயில் கருவறை முன் நிற்பவர் போல ஆசாரி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பாடகி ஒரு வரியை முடித்து அடுத்ததை எடுக்குமுன் இழுத்த மூச்சு அத்தனை தெளிவாகக் கேட்டது.

அம்மா பதறினார். "அவுக மூச்சு வாங்குறாகளே, தண்ணி குடுக்க அங்க ஆளில்லையா?"

அண்ணன் சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார்.

அதன்பின் எங்கள் வீட்டில் மாலைதோறும் கூட்டம்தான். அண்ணனின் முதலாளியும் வந்து தரையில் அமர்ந்து கேட்டார்.

மறு வருடம் மழை பெய்தது, வயலும் விளைந்தது. நெல் வண்டி வாசலுக்கு வருமுன்னே, யாரும் கேளாமல், அண்ணன் ஸ்பீக்கரைக் கழற்றிக் குதிரின் உட்புறத்தைத் துடைத்து வைத்துவிட்டார். அம்மா உள்ளே வந்து பார்த்தார்.

"ஏன்டா கழட்டுன?"

"சொன்னேன்லம்மா."

அம்மா வெளியே போய் வண்டிக்காரரிடம், "மூட்டை மூட்டையாவே இருக்கட்டும்ங்க. அங்கிட்டுச் சுவரோரமா அடுக்குங்க" என்றார். குதிர் இசைக்கென்றே ஆகிவிட்டது.

பின்னர், கேட்டு வந்தவர்க்கெல்லாம் அண்ணன் இந்த வித்தையை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். என் கல்யாணத்தை முடித்துவிட்டுத் தம் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்றிருந்தவரை மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் தமக்கே தெம்பில்லாத நிலையிலும், அடுத்த கட்டில்காரரின் இருமலைக் கேட்டு, "இது நேத்து மாதிரி இல்ல, நர்ஸம்மாவக் கூப்பிடு" என்றார். அந்த மனிதர் பிழைத்து வீடு திரும்பினார். அண்ணன் திரும்பவில்லை.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்க்கும் நர்ஸம்மாக்களுக்கும், சிகிச்சைக்கு உதவிய முதலாளிக்கும், உடனிருந்த ஆசாரி குடும்பத்தார்க்கும், இன்று வந்திருக்கும் உறவுகள் அனைவர்க்கும் எங்கள் நன்றி உரியது.

மின்சார ஸ்விட்சைத் தொடவே அஞ்சியவர் அம்மா. இப்போதெல்லாம் சாயங்காலமானால் அவரே வானொலியைப் போடுகிறார். கச்சேரி முடியும்வரை தெருக்கதவைச் சாத்துவதில்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காருங்கள்.