அவசரமாய்க் கழுவிய சுண்ணாம்பு

செப்டம்பர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஹினேஸ் வேலைக்காக சுவிட்சர்லாந்துக்குப் பேருந்து ஏறினான். அல்மேரியா பேருந்து நிலையத்தில் தோள்பையை இறக்காமலே தங்கையிடம் சொன்னான்: "கிறிஸ்துமஸுக்கு வருவேன். கொத்துல பழம் செவந்து தொங்குனா பேசலாம். இல்லன்னா கையெழுத்துப் போட்டுரு, வித்துரலாம்."

அராசெலி தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா இருவர் பேருக்கும் விட்டுப்போன தக்காளி வளர்க்கும் ஒரு ஹெக்டேர் பிளாஸ்டிக் கூடாரம் அது. பக்கத்துக் கூடாரக்காரர் இரண்டு வருடமாய் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹினேஸுக்கு விட்டது தொல்லை என்று ஆகவேண்டும். அவளுக்கோ காலையில் எழுந்தால் போய் நிற்க வேறு இடம் கிடையாது.

ஆகஸ்ட் வெயிலுக்காகக் கூரைமேல் அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாய் அப்பியிருந்தது. அந்த நிழலில் தக்காளிச் செடிகள் நோஞ்சானாய் நீண்டன. அடுத்த வாரம் இரண்டு நாள் மேகம் மூடிக் குளிர்ந்ததும், கழுவிவிடலாம் என்றாள். ஒன்பது வருடமாய் அங்கே வேலை செய்யும் மொரோக்கோக்காரன் லஹ்சன், மாதக் கடைசியில் வரும் சான் மிகேல் திருநாள் கழியட்டுமே என்று இழுத்தான். அந்தத் திருநாளையொட்டி, போன வெயில் ஒருமுறை திரும்பி வந்துவிட்டுத்தான் போகும். அராசெலிக்கும் அது தெரியும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் என்பதே அவள் மண்டையில் ஓடியது. கழுவினார்கள்.

நான்காம் நாள் வெயில் வந்தது. காலை பத்து மணிக்கே கூடாரத்துக்குள் முப்பத்தெட்டு டிகிரி. முதல் கொத்துப் பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. மகரந்தம் சேர்க்கவென்று அட்டைப்பெட்டியில் வாங்கி வைத்த வண்டுகள் கவ்விய பூவில் பழுப்பாய் ஒரு தழும்பு விழும். தழும்பு விழுந்தால்தான் காய். வரிசை வரிசையாய்க் குனிந்து தேடினாள். ஒரு பூவிலும் இல்லை. வண்டுகள் பெட்டி வாசலில் நின்று சிறகால் விசிறிக்கொண்டிருந்தன. மறுநாள் பூக்கள் உதிரத் தொடங்கின.

சுண்ணாம்பு அடிப்பவர்களுக்குப் போன் போட்டால், எல்லோரும் அடுத்த வாரம் என்றார்கள். அதற்குள் மிச்சப் பூவும் கொட்டிவிடும். பீப்பாயில் சுண்ணாம்பைக் கரைத்து, மருந்தடிக்கும் பம்பில் ஊற்றினாள். கூரையில் ஒருவர் ஏறியாக வேண்டும்.

"நான் ஏறுனா கம்பி தாங்கும், பிளாஸ்டிக் தாங்காது, மொதலாளி" என்று லஹ்சன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

அவளே ஏறினாள். தூண்களுக்கு மேலே கம்பிகள் பின்னிய முடிச்சுகளில் மட்டும்தான் காலை வைக்கலாம். குழாயை இழுத்துக்கொண்டே அடித்துப் போனாள். வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. பாதிக் கூரை முடிந்தபோது சுண்ணாம்புக் குழம்பில் கால் வழுக்கி, பிளாஸ்டிக் கிழிந்து, இடது கால் தொடைவரை உள்ளே இறங்கியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். அது உள்ளங்கையை அறுத்தது.

கீழேயிருந்து சத்தம் கேட்டது. "ஒரு ஷூ வந்து சேந்துருச்சு, மொதலாளி. மிச்சமும் வருதா?"

"வாய மூடிட்டு பம்ப நிறுத்துங்க, லஹ்சன்."

அவன் ஏணியோடு ஓடிவந்தான். காலை உருவி எடுத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்சக் கூரையையும் அடித்து முடித்துத்தான் இறங்கினாள். இதை ஹினேஸிடம் மூச்சுவிடக் கூடாது என்று லஹ்சனிடம் சத்தியம் வாங்கினாள்.

மூன்றாம் நாள் காலை, பதினோராவது வரிசையில் ஒரு பூவில் பழுப்புத் தழும்பு. பக்கத்துப் பூவிலும்.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஹினேஸ் வரிசைகளுக்குள் நடந்தான். சிவந்த பழம் ஒன்றைப் பறித்து அங்கேயே கடித்தான். அடிக்கொத்தில் பாதிக் காம்பு மொட்டையாய் இருந்ததையும் பார்த்தான். அவன் கொண்டுவந்திருந்த விற்பனைப் பத்திரம் பையிலிருந்து வெளியே வரவில்லை. வைத்துக்கொள் என்றும் அவன் சொல்லவில்லை. அப்படியே திரும்பிப் போனான். பக்கத்துக்காரர் மாதாமாதம் விசாரித்தார். அவள் ஒவ்வொரு முறையும் தெரியாது என்றாள்.

ஜூன் கடைசியில், செடிகளைப் பிடுங்கி முடித்த அன்று, போனில் ஹினேஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"இந்த வருஷமாவது சான் மிகேல் கழிஞ்சு சுண்ணாம்பக் கழுவு. லஹ்சன் அப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டான்."