ஊர்ச் சுவரெல்லாம் ஒரே முகம்

என் சக்களத்தியை நான் முதலில் பார்த்தது ஊர் ஆஸ்பத்திரிச் சுவரில். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, மடியில் கிடந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வரைந்தவர் என் வீட்டுக்காரர். நன்றாக வந்திருக்கிறது என்று நானே வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அது தொண்ணூற்றொன்று. ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கம்பெனிகள் அப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான். கம்பெனிக்காரனைக் கட்டிக்கொண்டவளாவது ஷிஃப்ட் முடிந்தால் புருஷன் முகத்தைப் பார்ப்பாள். ஆர்ட்டிஸ்டைக் கட்டிக்கொண்டவளுக்கு ஷிஃப்ட் ஏது? கடை போர்டு எழுதுவதும் சுவரில் விளம்பரம் வரைவதும் பிழைப்பு. அது போக ஊர் வேலை. இளைஞர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். தெருமுனைக் கரும்பலகையில் காலையில் எழுந்ததும் எழுதப் போய்விடுவார். குழாயில் தண்ணீர் எப்போது வரும், ரேஷனில் மண்ணெண்ணெய் வந்ததா, யார் வீட்டில் சாவு, யாருக்கு ரத்தம் வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் ஊரில் ஒருவரும் பஸ் ஏறமாட்டார்கள். அம்மன் கோயில் திருவிழா என்றாலும் அவர், சர்ச் திருவிழா என்றாலும் அவர். ஊருக்கு முழு ஆள், எனக்கு அரை ஆள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அந்த அரை ஆளுக்கும் பங்கு கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்று பற்றவைத்தது பக்கத்து வீட்டு அக்கா. குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு எங்க பாத்தாலும் ஒருத்தியவே வரையுறாரே, ஆரு அவ?"

"ஒருத்தியா? இன்னாக்கா சொல்ற?"

"நீ பாக்கலியா? ஆஸ்பத்திரி செவுத்துல கீறாளே, அவதான் படப்பைத் துணிக்கடை போர்டுலயும் கீறா. அந்த வாயப் பாரு, தெரியும்."

குடத்தை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மேலுதடு நடுவில் கொஞ்சம் தூக்கியிருந்தது. இடது ஓரம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டிருந்தது, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. அப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக அலைந்தேன். பள்ளிக்கூடச் சுவரில் சிலேட்டுப் பிடித்துக்கொண்டு அ, ஆ எழுதுகிறாள், அவள்தான். மாட்டுக் கடன் விளம்பரத்தில் கறவை மாட்டைத் தடவிக்கொண்டு நிற்கிறாள், அவள்தான். படப்பைத் துணிக்கடையில் பட்டுச் சேலை. நான் வருஷம் முழுக்க நூல் புடவையைக் கட்டுகிறேன், அவளுக்குப் பட்டு! கடைசியில் அம்மன் கோயிலுக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், மதிலில் அவர் வரைந்த அம்மனுக்கும் அதே உதடு. போட்ட கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. சர்ச் திரையில் மாதாவும் அவளேதான். சாமியிடம் போய்ச் சண்டை பிடிக்க முடியுமா?

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கோடு கிழித்தாற்போல் வாய், சப்பை மூக்கு. வயிறு எரிந்தது. பொறாமை என்றால் என்னவோ நினைப்பார்கள். எனக்கு அது சாப்பாடு இறங்காத வியாதியாகவே வந்தது.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வேலை சொன்னவர் நர்சம்மா. சந்தேகம் அங்கேதான் போனது. பாப்பாவுக்கு இருமல் என்று சொல்லிக்கொண்டு போய், அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாவின் தொண்டையைப் பார்த்து முடித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, நானும் வாயத் தொறந்து காட்டணுமா?"

மெல்லிய உதடு, வெற்றிலைக் காவி. இவர் இல்லை. நிம்மதி வரவேண்டியதற்குப் பதில் பயம் அதிகமாயிற்று. தெரிந்தவள் என்றால் போய் நாலு கேள்வி கேட்கலாம். ஊரில் இல்லாத ஒருத்தியை எங்கே தேடுவது?

அன்று சோறு போடும்போது நேராகவே கேட்டேன்.

"ஆரு அவ?"

"எவ?"

"ஊரெல்லாம் நிக்கவச்சிகீறியே, அவ."

ஒரு வாய் சோற்றை விழுங்கும்வரை யோசித்தார். "ஆருமில்ல. கை தானா வரையுது."

"தானா வருதா? ஒரு பொம்பளயப் பாக்காமயா பொம்பள மூஞ்சி வரும்?"

"வட்டம் போடுறேன், எதப் பாத்துப் போடுறேன்? அது மாதிரிதான்."

எனக்கு உயிர் போகிறது, அவர் வட்டம் போடுகிறார். பாப்பாவின் துணிகளை எடுத்துப் பையில் திணித்தேன். வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்து, வேறு பெண் இல்லை என்று சத்தியம் செய்தால் இந்த வீட்டில் இருக்கிறேன், இல்லையென்றால் பிள்ளையோடு மண்ணூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். வெறும் மிரட்டல் இல்லை, போகத்தான் இருந்தேன்.

"சரி, நாளைக்கே போலாம். பாப்பாவுக்கு ஜுரம் வந்தப்ப மொட்ட போடறேன்னு வேண்டிக்கினு கீறேன். அதையும் முடிச்சிடலாம்" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. சாமியிடமே பொய் சொல்லத் துணிந்துவிட்டாரோ என்று தோன்றியது.

மறுநாள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். யாரோ ஓடிவந்து, தன் அம்மா தவறிவிட்டதாகவும் கரும்பலகையில் எழுதவேண்டும் என்றும் சொன்னார். உடனே என் வீட்டுக்காரர் என்னை அங்கேயே நிற்கவைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து குனிந்து பார்த்து, ஓரத்தில் ஒரு விளக்கும் வரைந்துவிட்டு வருவதற்குள் பஸ் போய்விட்டது. செத்துப்போனவள்மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பெயரை அவர் அவ்வளவு பொறுமையாக எங்கேயும் எழுதியதில்லை.

அடுத்த பஸ்ஸில் போனோம். கோயிலில் மொட்டைச் சீட்டு வாங்கிக்கொண்டு குளத்துப் பக்கம் போய் முடி எடுப்பவர் முன்னால் உட்கார்ந்தார். காதை மூடித் தொங்கிய முடி முதலில் போயிற்று. பாப்பா கைதட்டினாள். தலை வழுவழுவென்று ஆனதும் முடி எடுப்பவர் கேட்டார்.

"மீசயும்தானே?"

"எல்லாந்தான்."

கல்யாணத்தன்று பார்த்த மீசை அது. அது இல்லாமல் அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கத்தி ஒரு பக்கம் இழுத்தது, பிறகு இன்னொரு பக்கம். துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

அவள் உட்கார்ந்திருந்தாள்.

நடுவில் தூக்கிய மேலுதடு. இடது ஓரத்தில் அந்த இழுப்பு. ஆஸ்பத்திரிக்காரி, பட்டுச் சேலைக்காரி, சிலேட்டுக்காரி, எல்லாரும் மொட்டைத் தலையோடு என்னைப் பார்த்து விழித்தார்கள். மீசைக்கு மேலே இருந்த கண்ணையும் மூக்கையும் நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புருஷன் முகத்தில் போய் எவள் சக்களத்தியைத் தேடுவாள்?

முடி எடுப்பவரின் கண்ணாடியைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாரு. நல்லாப் பாரு."

பார்த்தார். கையால் உதட்டைத் தடவினார். "அய்யய்யோ" என்றார் மெதுவாக. அப்புறம்தான் சொன்னார். மீசை முளைக்காத வயதில் மெட்ராஸில் பேனர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, முகம் வரையப் பழக எதிரில் நிற்க ஆள் கிடைக்கவில்லையாம். கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துத் தன்னையே பார்த்து வரைந்து பழகினாராம். "கை அதையே புடிச்சிக்கிச்சி போல. எனக்கே தெரியல" என்றார்.

முடி எடுப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். வேறு பெண் இல்லை என்று ஆகிவிட்டதே, வேறென்ன வேண்டும்? ஆனால் அடிவயிற்றில் அந்த எரிச்சல் அப்படியே இருந்தது. குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தவர், "வா, சத்தியம் பண்ணிடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். எவளைச் சொல்லிச் சத்தியம் கேட்பது?

திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மனசு கேட்கவில்லை.

"என்னிய வரைங்க" என்றேன்.

"இங்கியா?"

"இங்கதான். நான் எதிர்லதான் கீறேன். பாத்து வரைங்க."

அர்ச்சனைத் தேங்காய் சுற்றிவந்த தாளை விரித்து, சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்தார். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தார், குனிந்தார், மறுபடி பார்த்தார். கல்யாணமாகி அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். கூச்சத்தில் எனக்குக் காது சூடாயிற்று. ஊர் முழுக்கச் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போனதெல்லாம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்.

தாளைத் திருப்பிக் காட்டினார். என் நடு வகிடு இருந்தது. என் காது வளையம் இருந்தது, ஒற்றைக்கல் மூக்குத்தியும் இருந்தது. பாப்பா அவர் தோளில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவர் மழித்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, தாளையும் பார்த்தாள்.

"ஐ! அப்பா மூக்குத்தி போட்டுக்கினு கீது!" என்றாள்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலைப் பிடித்திருந்த கையை, யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறொருத்தி என்றால் சண்டை போட்டு விரட்டலாம், இல்லை மண்ணூருக்காவது போகலாம். இவளை விரட்டினால் அவரும் அல்லவா போய்விடுவார்? பஸ் வந்ததும் ஏறினோம். ஜன்னலோரத்து இடத்தை அவருக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். ஊர் வரைக்கும் வழியெல்லாம் சுவர்.