ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்ட மூட்டை

கந்தம்மாளுக்கு வலது கண் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இடது கண்ணிலும் புரை படர்ந்து, எருது பூட்டிக் கவலை இறைக்கும்போது எருதுகளின் கொம்பு தெரியும், கிணற்றின் விளிம்பு தெரியாது என்ற நிலைக்கு வந்துவிட்டாள். ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே நாலு ஏக்கர் தோட்டம். புருஷன் இறந்த பிறகு பதினாறு வருஷமாக அவளே எருது ஓட்டி, தண்ணீர் இறைத்து, பருத்தியும் ராகியும் எடுத்தாள். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால், தன் எருதுகள் தன் பேச்சைத்தான் கேட்கும் என்பாள். அந்த வருஷம் சித்திரையில் ஓர் எருதின் கால் விளிம்பில் சறுக்கியது. கயிற்றைப் பிடித்திருந்த அவளும் அதோடு பாதிக் கிணறு போய்ப் பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் வைத்தியம் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொண்டாள்.

சேலத்து டாக்டர் எழுதிக் கேட்டதில் மதராஸ் கண் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் அந்தக் கடிதத்தோடு வந்து சேர வேண்டும். தவறினால் அடுத்த இடம் நாலு மாதம் கழித்து. அதுவரை இந்தக் கண் தாங்குவது சந்தேகம் என்றார் டாக்டர்.

கூட்டிப் போகும் வேலை அவள் தம்பி மகன் அருணகிரியின் தலையில் விழுந்தது. குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்குப் போனவன் அவன்; பி.ஏ. முடித்துப் பத்து மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். மதராஸில் நாலு வருஷம் இருந்தவனை விட்டால் வேறு யாருக்கு வழி தெரியும்? ஒரு வாரம் முன்பிருந்தே அத்தைக்கு அவன் பாடம் நடத்தத் தொடங்கினான். சென்ட்ரல் என்று நினைத்துப் பேசின் பிரிட்ஜில் இறங்கிவிடக் கூடாது. கையில் நம்பர் போட்ட பித்தளை வில்லை கட்டாத போர்ட்டரிடம் மூட்டையைக் கொடுக்கக் கூடாது. வாடகை பேசாமல் ஜட்கா வண்டியில் ஏறக் கூடாது. டிராம் நிற்பதற்கு முன் காலைக் கீழே வைக்கக் கூடாது. எந்த ஊர் என்று சிரித்துக்கொண்டு வருகிறவனுக்குப் பதிலே சொல்லக் கூடாது.

"பதில் சொல்லாமப் போனா திமிரு புடிச்சவன்னு நெனைக்க மாட்டானா?" என்றாள் அத்தை.

"நெனைச்சா நெனைச்சுட்டுப் போறானுங்க."

"நீ படிச்சவன், உனக்குப் பழக்கம். எனக்கு ஆவாது."

கடைசியில் அவன் நினைத்தே பார்க்காத ஒன்றை அவள் கிளப்பினாள். திங்கட்கிழமை கிழக்கே சூலம். அன்றைக்குப் பயணம் கூடாது. மதராஸ் நேர் கிழக்கில் இல்லை, வடகிழக்கில் இருக்கிறது என்று அவன் தரையில் கோடு போட்டு விளக்கினான். "ரயிலு கெழக்கால போவுதா, மேக்கால போவுதா? அதைச் சொல்லு" என்றாள். சரி, ஞாயிறே போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மூன்று குடும்பத்துக்குப் பொதுவான கிணற்றில் ஞாயிறு அவளுடைய முறை. விட்டால் பருத்தி காய்ந்துவிடும்.

பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. நல்ல நாளில் பயணச் சாமானை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கியதாக ஆகிவிடும். ஆள் மறுநாள் போய் எடுத்துக்கொண்டு மேலே போகலாம். இதற்குப் பக்கத்து வீடே போதும். ஆனால் கண் விஷயம் என்பதால் கந்தம்மாளுக்குப் பக்கத்து வீடு பற்றவில்லை. ரயிலடிக்குப் பக்கத்தில், சூரமங்கலத்தில் கலீல் ரஹ்மான் இருந்தார். அவள் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலுக்குப் பல வருஷமாகத் தோல் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டையோடு அருணகிரி பஸ் ஏறினான். எரிச்சலில் அவரிடம் நின்று பேசக்கூட இல்லை. மதராஸ் போகிற மூட்டை, அத்தை கொடுத்தனுப்பினாள் என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

திங்கள் காலை இருவரும் போய்ச் சேர்ந்தபோது கலீல் ரஹ்மானின் மனைவி மதீனா பீவி மட்டும் இருந்தாள்.

"மூட்டையா? அவங்க நேத்து ராத்திரியே மதராஸ் போனாங்களே, கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்கதானே தம்பி மதராஸ் மூட்டைன்னு குடுத்தீங்க?"

அருணகிரி அத்தையின் பக்கம் திரும்பினான். "கடுதாசி உங்க மடியிலதானுங்க இருக்குது?"

"மூட்டையில வச்சேன். எது முக்கியமோ அதை வச்சாத்தான பயணம் பொறப்பட்ட மாதிரி?"

கலீல் ரஹ்மான் புதன்கிழமை வரை பெரியமேட்டுத் தோல் மண்டியில் இருப்பார் என்றாள் மதீனா பீவி. மண்டிக்காரர் பேர் அவளுக்குத் தெரியவில்லை. ரயில் வரும் நேரமாகிவிட்டது. அத்தை கலங்கவே இல்லை. மூட்டை நல்ல நாளில் போய்விட்டது, நாம் அதன் பின்னால்தானே போகிறோம் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தாள்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெரியமேடு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் ஹாஸ்டல், கல்லூரி, கடற்கரை, புத்தகசாலை இவற்றைத் தவிர அவன் எங்கே போனான்? அத்தைக்கு அவன் சொன்ன எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். எல்லாமே அவனுடைய முதல் வருஷத்துப் பயங்கள். ஒரு போர்ட்டரும் அவனை ஏமாற்றியதில்லை. எந்த ஊர் என்று எவனும் சிரித்துக்கொண்டு வந்ததும் இல்லை.

சென்ட்ரலில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் அவன் ஒரு பக்கமாக நடந்தான். அரை மணி நேரம் சுற்றி இறங்கிய இடத்துக்கே வந்து நின்றார்கள். அத்தை அவன் தோளைப் பிடித்து நிறுத்தி மூக்கை உயர்த்தினாள்.

"புதுத் தோலு வாசம் அடிக்குது. இப்பக் கடந்து போனானே, அவனைக் கூப்பிடு."

"தெரியாதவங்களோட பேசக் கூடாதுன்னு சொன்னேனுங்களே."

"நீ பேசாத. ஏஞ்சாமி, நில்லு சாமி, தோலு மண்டிக்கு எப்படிப் போவோணும்?"

தலையில் தோல்கட்டோடு போன ஆள் நின்றான். எந்த ஊர் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவள் ஊர், கிணறு, கண், மூட்டை எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் மண்டி வந்துவிட்டது. அவ்வளவு பக்கம். உள்ளே கலீல் ரஹ்மான் மூட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வாங்கிக்கொள்ள யாராவது வருவார்கள் என்று காலையில் சென்ட்ரலில் இறங்கி அங்கேயே மூன்று மணி நேரம் நின்றாராம். யாரும் வராததால் மனசு கேட்காமல் அன்றைக்கு வியாபாரத்துக்கே போகவில்லையாம். கடிதம் மூட்டையில் பத்திரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கட்டுப் போட்டு, தலையை அசைக்கக் கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். பதினோராம் நாள் டாக்டர் கட்டை அவிழ்த்து, தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, விரல்களை நீட்டினார். மூணு என்றாள். டாக்டர் தலையாட்டினார்.

அப்புறம் அவள் அருணகிரியின் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த மீசை எப்பக் கண்ணு வச்ச?"

"மூணு வருஷமாச்சுங்க அத்தை."

"நல்லாவே இல்ல. எடுத்துப்போடு."

அவனுக்குச் சுள்ளென்று வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அந்த ஒற்றைக் கண் தன் மேலுதட்டை விட்டு அசையாமல் நிற்பதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.