சாட்டிக் கிணற்றில் யாரோ எனக்கு வார்த்த தண்ணீர்

மீற்றரில் காட்டாத எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. பேய், முனி, காத்துக் கறுப்பு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்கிற நோர்வே கம்பனி ஒன்றில் நான் பொறியியலாளர், ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கேட்டால் சொல்வேன், ஆவி எத்தனை என்று கேட்டால் சிரிப்பேன். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது. ஆனால் முடியும்வரை இருந்து கேளுங்கள்.

கம்பனி என்னை யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக்கு மூன்று கிழமை வேலையாக அனுப்பியது. மண்கும்பானில் ஒரு விடுதி. போய் இறங்கி இரண்டாம் நாளே, கப்பலில் வரவேண்டிய பம்பு ஒன்று பிந்தும் என்று செய்தி வந்துவிட்டது. அது வரும்வரை சும்மா இருக்கவேண்டும், சும்மா இருப்பது எனக்கு ஒத்துவராது, அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு எழும்பிச் உடுப்பைத் தோய்த்துப் போடுவேன், பிறகு மடிக்கணினி, மத்தியானம் மீன்குழம்பும் சோறும், ஒரு குட்டித் தூக்கம், நாலு மணிக்குக் கடல். விடுதியைப் பார்த்துக்கொள்கிற சவிரி அண்ணை மோட்டார் சைக்கிளில் என்னைச் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். அரை மணி நேரம் நீந்திவிட்டு, அருகிலுள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றில் உப்புப் போக முழுகுவேன். ஒரு கப்பி, நீல நைலோன் கயிறு, ஒரு வாளி. ஐந்து நாள் இப்படியே மணிக்கூடு மாதிரி ஓடியது.

ஒரு விஷயத்தைச் சவிரி அண்ணைக்கும் நான் சொல்லவில்லை. அங்கிருந்து சில மைல் தள்ளிப் புளியங்கூடலில் என் கூடப்பிறந்த அண்ணன் இருந்தார். பதினொரு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. வேலைக்கு வந்தோம், முடிப்போம், போவோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிழை என்னுடையதுதான், ஒளிக்க என்ன இருக்கிறது? அப்பா வீட்டு வளவை எங்கள் இருவருக்கும் இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார். நடுவே ஒரு கிணறு, அந்த ஒழுங்கை வீடுகளுக்குள் உப்பில்லாத கிணறு அது ஒன்றுதான். நோர்வேயில் இருந்தபடியே என் துண்டுக்கு மதில் கட்டுவித்தேன். அளந்தவர் தொலைபேசி எடுத்து, கிணறு நாலடி என் பக்கம் வருகிறது, வளைத்துக் கட்டுவதா நேரே கட்டுவதா என்று கேட்டார். அளவு அளவுதான், நேரே கட்டுங்கள் என்றேன். என் அண்ணை தொலைபேசி எடுத்து ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப நான் தண்ணிக்கு எங்கையடா போறது?"

நான் ஏதோ காணி உறுதி, எல்லை என்று சட்டம் பேசினேன், அவர் வைத்துவிட்டார். பிறகு அவர் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு சாட்டிக் கிணற்றுக்கு வந்து தண்ணீர் அள்ளுகிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். பூட்டிக் கிடந்த என் காணிக்குள் கிணறு பாசி பிடித்தது. ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் கொடுக்கப் புறப்பட்டவனின் லட்சணம் இது!

ஆறாம் நாள், நாலரை மணி, நல்ல வெயில். கிணற்றடியில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. தலைக்கும் முகத்துக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தபோது கண்ணுக்குள் போய் எரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாளியைத் துழாவினேன், வைத்த இடத்தில் இல்லை. அப்போது கப்பி கிறீச்சிட்டது. சவிரி அண்ணைதான் என்று நினைத்து, "ஊத்துங்கோ அண்ணை" என்று குனிந்தேன்.

முதல் வாளி விழுந்தது, பிறகு இரண்டாவது. மூன்றாவது வாளி பாதிதான் உச்சியில் விழுந்தது, ஒரு மூச்சு இடைவெளி, மீதித் தண்ணீர் பிடரியில் தொடங்கி முதுகுத்தண்டு வழியே மெல்ல மெல்ல இறங்கியது. நம்புங்கள் நம்பாமல் விடுங்கள், அந்தக் கையை எனக்குத் தெரியும். என் அண்ணை எனக்குப் பத்து வயது மூத்தவர், சின்ன வயதில் என்னை முழுகவார்த்தது அவர்தான், கடைசி வாளியை அப்படி இரண்டாய்ப் பிரித்து வார்க்கிற இன்னொருவரை நான் கண்டதில்லை.

கண்ணைத் திறந்தேன், ஒருவரும் இல்லை. வாளி கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்திருந்தது, கயிறு ஈரமாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் மரத்தடியில் சவிரி அண்ணை யாருடனோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஆர் வந்திட்டுப் போனது?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஆரும் வரேல்லைத் தம்பி. நான் பாதையடியிலைதானே நிக்கிறன், எனக்குத் தெரியாமல் ஆர் வாறது?"

வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், நோர்வேயில் என் நண்பர்களும் அதைத்தான் சொன்னார்கள். மூன்று வாளித் தண்ணீரில் நனைந்தவன் நான். எனக்குப் பயமும் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் அண்ணை என்னைக் கண்டு, வந்து வார்த்துவிட்டு, முகம் காட்டாமல் பனைகளுக்குள்ளால் போயிருக்கிறார் என்றே நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தவர் ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவார்? ஈரத் தலையோடு சவிரி அண்ணையின் பின்னால் ஏறி, புளியங்கூடலுக்கு விடச் சொன்னேன்.

கதவைத் திறந்தது அண்ணையின் மனைவி, என் மச்சாள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பதான் உமக்கு வழி தெரிஞ்சதோ?"

"அண்ணை வந்திட்டாரோ மச்சாள்? சாட்டியிலை என்னட்டை வந்திட்டு, ஒண்டும் பேசாமல்..."

"என்ன கதை கதைக்கிறீர்? மனுசன் பாரிசவாதம் வந்து படுக்கையிலை விழுந்து ரெண்டு வரியம். வலப்பக்கம் ஒண்டும் ஏலாது."

ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டேன். "அவர்தான் வேண்டாமெண்டவர்" என்றார். உள்ளே அண்ணை கட்டிலில் கண்மூடிக் கிடந்தார், பாதி ஆளாகியிருந்தார். தலைமாட்டில் கதிரையில் ஒரு வெறும் செம்பு.

"பின்னேரம் நல்ல நித்திரை. நாலரைக்குப் பிறகு எழும்பித் தண்ணி தண்ணியெண்டு மூண்டு செம்பு குடிச்சவர், என்ன விடாயோ தெரியாது" என்றார் மச்சாள்.

நான் அருகில் இருந்து அவருடைய வலக்கையைத் தூக்கினேன். இரண்டு வருடம் வேலை செய்யாத கை, மெத்தென்று இருந்தது. உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு சிவந்த கோடு, கயிறு உரஞ்சினால் வருமே, அதே கோடு. மத்தியானம் உடம்பு துடைத்தபோது அது இருக்கவில்லை என்று மச்சாள் சத்தியம் செய்தார்.

அண்ணை கண்ணைத் திறந்தார். வாய் ஒரு பக்கம் இழுக்க, பதினொரு வருடத்துக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"கண்ணுக்கை... சவுக்காரம்... போயிட்டுதோ?"

ஓமண்ணை என்றேன். அவருடைய கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் நானே நின்று மதிலில் கிணற்றை மறித்து நின்ற பகுதியை இடிப்பித்தேன், கிணற்றை இறைப்பித்தேன், முதல் வாளியை அள்ளி நானே அண்ணைக்குப் பருக்கினேன். பம்பு வந்தது, வேலையும் முடிந்தது, நான் நோர்வே திரும்பிவிட்டேன். இப்போது ஞாயிறு தவறாமல் வீடியோவில் கதைக்கிறோம். கிணற்றடியைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்தக் கை இனி அசையாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார், அதுவும் சரிதான், ஒரு விரலும் அசையவில்லை.

ஆனால் ஞாயிறுதோறும் மச்சாளிடம் அந்த உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். சில கிழமை கோடு ஆறிக் கறுத்திருக்கிறது. சில கிழமை புதிதாய்ச் சிவந்திருக்கிறது. வீட்டு வாசலில் இப்போது நல்ல தண்ணீர் இருக்கிறது, நானும் அங்கே இல்லை. அவர் யாருக்கு வார்த்துவிட்டு வருகிறார் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.