கீழ ரத வீதியில் மோட்டாரும் என் சைக்கிளும்

என் கையெழுத்து வரிக்கு வரி கீழே சாய்ந்து போகும். எந்த இடத்தில் எந்த ரகரம் என்று இன்றும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அது இதைவிட மோசம். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது.

எட்டு வருடத்துக்கு முன்னால் திருநெல்வேலி வடக்கு ரத வீதியில் ஒரு வக்கீல் வீட்டில் வேலை பார்த்தேன். வழக்குக் கட்டுகளைக் காலையில் பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். முதலில் நடந்துதான் போனேன். பிறகு வக்கீல் ஐயா பட்டணத்திலிருந்து ஒரு சைக்கிள் வரவழைத்தார். இரண்டு தடவை விழுந்த பிறகு அதை என்னிடம் தள்ளிவிட்டார்.

அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் நான் வேறு ஆள். யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேச முடியாது. பேச வாயெடுப்பதற்குள் கடந்துவிடுவேன். ஆனி ஆடியில் மலைப் பக்கத்துச் சாரல், வழியிலிருக்கும் ஆற்றுப் பாலத்தின் மேல் புகை மாதிரி மிதந்து வரும். கீழே ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. கரையில் மருத மரங்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. சக்கரத்தின் சத்தம் மட்டும் காதுக்குள் ஒரு தேனீயைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கும். பாலம் முடிந்தது தெரியாமல் கோர்ட்டு வாசலில் இறங்கிய நாட்கள் உண்டு.

அந்தக் காலத்தில் ஊரில் பத்துப் பன்னிரண்டு சைக்கிள் இருந்திருக்கும். மோட்டார் இரண்டோ மூன்றோ. அவ்வளவுதான் இருந்தும் இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. மோட்டார் வந்தால் நாங்கள் இறங்கி ஓரத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். நின்றால் முகமெல்லாம் புழுதி. சக்கரத்துக்கு ஒட்டுப் போடும் பட்டறையில் கூடும்போது எங்கள் ஆட்களுக்கு இதே பேச்சுதான். ரோட்டை என்ன அவர்கள் வீட்டுச் சீதனமாகவா கொடுத்தார்கள் என்பார்கள். நான் தலையாட்டுவேன்.

இடது ஓரமாகப் போக வேண்டும் என்று சர்க்கார் விதி உண்டு. பாலத்தில் அதை எல்லோரும் மதித்தார்கள். ரத வீதியில் யாரும் மதிக்கவில்லை. கோயிலை வலது கைப் பக்கம் வைத்துத்தான் ஜனங்கள் போவார்கள். அதிலும் கோயிலை ஒட்டினாற்போலப் போவார்கள். நானும் அப்படித்தான். வடக்கு ரத வீதியிலிருந்து கீழ ரத வீதிக்குத் திரும்பி, கோயில் ஓரமாகவே தெற்கே போய், பாலத்து ரோட்டைப் பிடிப்பேன். கோபுர வாசல் வரும்போது இரண்டு கையையும் விட்டுக் குவித்து, ஒரு நொடி கண்ணை மூடுவேன். வண்டி பழகின மாடு மாதிரி தானாகப் போகும். இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அன்றைக்கும் அப்படிக் கண்ணை மூடினேன். திறந்தபோது எதிரே பித்தளை விளக்கு இரண்டு வெயிலில் மின்னிக்கொண்டு வந்தன. பாளையங்கோட்டைப் பண்ணையார் ஒருவருடைய மோட்டார் அது. தெற்கேயிருந்து வந்தது. விதிப்படி தன் இடது ஓரத்தில், அதாவது கோயிலை ஒட்டி வந்தது. பயம் வரவில்லை, அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. பிறகு மோட்டார் சட்டென்று வீதியின் நடுவுக்குத் திரும்பி, அந்தப் பக்கத்து வெற்றிலைக் கடையின் பந்தல் காலில் போய் மோதி நின்றது. நான் கட்டுகளோடு கீழே கிடந்தேன். எனக்கு முழங்கால் தேய்ந்தது. மோட்டார் ஓட்டியவருக்கு நெற்றியில் ரத்தம். உள்ளே வேறு யாரும் இல்லை.

கூட்டம் கூடிவிட்டது. வெற்றிலைக் கடை அண்ணாச்சிக்குப் பந்தல் போன கோபம்.

"கோயிலை இடது கைப் பக்கம் வச்சு வாரான் பாருங்க. சுடுகாட்டுலதாம்வே இப்படிச் சுத்துவாங்க" என்றார்.

ஓட்டியவர் உவரிக்காரர். கொழும்பில் மோட்டார் பழகி வந்தவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். வலம் இடம் எல்லாம் அவருக்கு என்ன தெரியும்? ரோட்டு விதி தெரியும். அதைச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"நீரு மணி அடிச்சீருல்லா?"

நான் அடிக்கவில்லை. இத்தனை முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தலையை ஆட்டிவிட்டேன். உவரிக்காரர் நெற்றியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து வக்கீல் ஐயா சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வீதிக்காரர்கள் நாலைந்து பேர் பண்ணையாரிடம் போய், நான் மணி அடித்தும் மோட்டார்க்காரன் என் மேலே ஏற்ற வந்தான் என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் பகையை வாங்கித் தருகிறவன் வேண்டாம் என்று பண்ணையார் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமையோடு உவரிக்காரருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்புகிறார்கள்.

வியாழக்கிழமை காலையில் பாலத்திலிருந்து பார்த்தேன். கீழே படித்துறைக்குப் பக்கத்தில் அவர் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். பத்தடி தள்ளி நின்றேன். அவர்தான் பேசினார்.

"உம்ம மேல கோவம் இல்ல வே. திரும்பக் கொழும்புக்குத்தான் போவணும். நாலு வருசம் கழிச்சு வந்திருக்கேன். எம்பிள்ளை இப்பத்தான் பயப்படாம எங்கிட்ட வருது. முகம் பழகுததுக்குள்ள கப்பல் ஏறணும்."

சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை மோட்டாரின் மூக்கில் வீசினார். அது சிதறி, வெயிலில் கொஞ்ச நேரம் நிற்பது போலிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு ஏறிவிட்டேன்.

கோர்ட்டில் கட்டைக் கொடுத்துவிட்டு, பண்ணையார் வீட்டுக்குப் போகிறேன் என்பது போய்க்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. கால் மிதித்துக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

பண்ணையார் ஊஞ்சலில் இருந்தார். என்ன காரியம் என்று கேட்டார். கையைக் குவித்துக் கண்ணை மூடிக் காட்டினேன். கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"சரிதாம்வே, விஷயத்தைச் சொல்லும்."

மறுபடியும் குவித்துக் கண்ணை மூடினேன். அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். வக்கீல் ஏதாவது மன்னிப்புக் கேட்டு அனுப்பினாரா என்று பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையிடம் விசாரித்தார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"இப்படித்தான் ஐயா வந்தேன். சைக்கிள் மேல."

"ரெண்டு கையையும் விட்டுட்டா?"

"ஆமா."

"கண்ணு?"

"மூடியிருந்தது. மணி அடிக்கல. அவரு திருப்பலைன்னா நான் இல்ல."

பண்ணையார் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வெற்றிலைச் சாறு வேட்டியில் தெறிக்கும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கணக்கப்பிள்ளையிடம், அவனைப் போகச் சொல்ல வேண்டாம் என்றார். என்னைப் போகச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வக்கீல் ஐயா கோபிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போகிறவனுக்குக் கால் போதும் என்று சொல்லி, சைக்கிளை இளைய குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டார். வெற்றிலைக் கடை அண்ணாச்சி, தன்னைப் பொய்ச்சாட்சி ஆக்கிவிட்டேன் என்று ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. அவர் கோபம் நியாயம்தான். பட்டறைக்காரர்களுக்கு நான் எதிர்க்கட்சிக்குப் போனவன்.

நடந்தேன். நடந்து போகிறவனை யார் வேண்டுமானாலும் நிறுத்திப் பேசலாம். எல்லோரும் நிறுத்தினார்கள், கையைக் குவித்துக் காட்டச் சொன்னார்கள். பாலத்தில் பழைய சாரல் வந்தது. ஆனால் பாலம் நீளமாகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் பாலத்து முனையில் மோட்டார் பின்னாலிருந்து வந்து நின்றது. உவரிக்காரர் ஒன்றும் கேட்காமல் பக்கத்து இருக்கையைத் தட்டினார். கட்டுகளை மடியில் வைத்து ஏறினேன். அவர் பிள்ளைக்கு முதல் பால் பல் விழுந்திருப்பதைச் சொன்னார். இப்போது தூரத்தில் பார்த்தாலே ஓடி வருகிறதாம். காற்று முகத்தில் அடித்தது. ஆறு எங்களோடு கூட வருவது போலிருந்தது.

பாலத்தின் நடுவில் ஒரு சைக்கிள் முன்னால் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு ஆள். எங்கேயோ பார்த்துக்கொண்டு, எதையோ நினைத்துக்கொண்டு, சரியாக நடு ரோட்டில். உவரிக்காரர் ஊதுகுழலின் ரப்பர்ப் பந்தை ஒரு தடவை அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். அவன் காதில் விழவில்லை.

"ஏலே, ஓரமாப் போயேம்லே" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை.

உவரிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பந்தை விட்டுவிட்டு, மோட்டாரைப் பைய ஓட்டினார். பாலம் முடிகிற வரைக்கும் அந்தச் சைக்கிளுக்குப் பின்னாலேயே போனோம்.

சித்தார்த்தி வருடம், ஐப்பசி மாதம், பதினேழாம் தேதி.